பனங்கூடலில் ஒரு ஹுத்ஹுத்: தீவகத்தின் அறியப்படாத உயிரினங்கள்

 

  

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசி மாதத்தில், ஊர்காவற்றுறைக்கு அருகிலுள்ள கரம்பொன் கிராமத்தின் வழியே நான் நடந்துகொண்டிருந்தேன். வீதியோரப் பனங்கூடலில் பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுவன் நின்றான். வியாபார நிமித்தம் புத்தளத்திலிருந்து வந்திருந்த தன் வாப்பாவுடன் வந்தவன். ஒரு கையில் கெற்றப்போல். மறு கையில் உயிரிழந்த ஒரு பறவை. நீண்டு வளைந்த அலகு, மங்கிய செம்மஞ்சள் உடல், கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டையிட்ட சிறகுகள், தலையிலே விசிறிபோன்ற கொண்டை.

"மகன், இது என்ன குருவி என்று தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாது ஹஸரத். நல்ல வடிவாக இருந்தது, அதனால் அடித்தேன்" என்றான்.

அவன் ஹிப்ழ் மத்ரஸா மாணவன் என்பது பேச்சில் தெரியவந்தது. அந்நம்ல் அத்தியாயத்தில், சுலைமான் நபி (அலை) அவர்கள் பறவைகளைப் பார்வையிட்ட இடத்தை ஓதிக்காட்டும்படி கேட்டேன். கண்களை மூடிக்கொண்டு ஓர் எழுத்துப் பிசகாமல் ஓதினான். அல்ஹம்துலில்லாஹ், இனிய குரல். "அதில் வரும் ஹுத்ஹுத் எது?" என்றேன். "மரங்கொத்தி" என்றான். "இல்லை மகன், உன் கையில் இருப்பதுதான் ஹுத்ஹுத்" என்றேன்.

அவனுடைய முகம் மாறியதை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. ஆயினும் அவனை நான் குறைசொல்லமாட்டேன். வேதத்தை நெஞ்சில் சுமந்த பிள்ளைக்கு, அந்த வேதம் பெயர்சொல்லி அழைத்த பறவை இன்னதென்று எவரும் காட்டிக்கொடுக்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் தம் ஊர்களை விட்டு வெளியேற்றப்பட்டபோது வீடு, காணி, நகை என்று இழந்தவற்றை நாம் கணக்கிட்டோம். எந்த மரத்தில் எந்தக் குருவி கூடுகட்டும், எந்தக் காற்றுக்கு எந்தப் பறவை வந்திறங்கும் என்று மூத்தவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கமும் அன்றே அறுந்துபோனது. முகாம்களில் பிறந்து வளர்ந்தவர்கள் இன்று தாமே பெற்றோராகிவிட்டனர். அவர்கள் எதைக் காட்டிக்கொடுப்பார்கள்?

எனவே, நம் தீவகத்திலேயே வாழ்ந்துகொண்டிருந்தும் நாம் அறியாத சில உயிரினங்களை இன்று உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகின்றேன். குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் கழுதைகளையும் பற்றிப் பேசும் அந்நஹ்ல் அத்தியாயத்தின் 8ஆம் வசனம், நாம் அறியாதவற்றையும் அல்லாஹ் படைக்கின்றான் என்று முடிகின்றது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்து நெடுந்தீவின் வெளிகளில் திரியும் குதிரைகளைக் காணப் பிரயாணிகள் படகேறிச் செல்கின்றனர். அவற்றை எல்லோரும் அறிவர். அந்த வசனத்தின் பிற்பகுதிக்கு உரியவையே இன்று நம் பேச்சு.

ஹுத்ஹுத் என்னும் கொண்டலாத்தி

தமிழில் இதன் பெயர் கொண்டலாத்தி. மரங்கொத்தி வேறு, இது வேறு. மரங்கொத்தி மரத்தண்டைச் செங்குத்தாகப் பற்றி ஏறும். அதற்கு ஏற்றவாறு அதன் விரல்கள் இரண்டு முன்னும் இரண்டு பின்னுமாக அமைந்துள்ளன. கொண்டலாத்திக்கு மூன்று விரல்கள் முன்னோக்கியும் ஒன்று பின்னோக்கியும் இருக்கும். அது தரையில் நடந்து திரிந்து இரைதேடும் பறவை. (மரங்கொத்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலங்கையின் தென்பகுதியில் முதுகு சிவந்த மரங்கொத்தியைக் காணலாம். நம் வடபகுதியில் உள்ளதோ பொன்னிற முதுகுடையது. அதன் அறிவியற் பெயரின் இறுதிச் சொல்லே யாழ்ப்பாணத்தைக் குறிப்பதாகும். ஊர்ப்பெயரைத் தாங்கிய பறவை நம்மிடம் இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?)

அறபியில் ஹுத்ஹுத், இலத்தீனில் உபுபா, கிரேக்கத்தில் எபொப்ஸ். எல்லாமே அதன் குரலைப் போலச்செய்த பெயர்கள். மெதுவாக, ஊதுவதுபோல, ஒரே சுருதியில் இரண்டு மூன்று முறை ஒலிக்கும் அந்தக் குரலை வரண்ட பூமியில் காலை வேளையில் கேட்கலாம். அமைதியாக இருக்கையில் கொண்டை பின்னோக்கி மடிந்திருக்கும். தரையிறங்கும் கணத்திலும் அச்சமுறும் கணத்திலும் அது விசிறியாக விரியும்.

அதன் அலகு ஒரு வியப்பு. மண்ணுக்குள் முழுமையாகச் செருகிய பின்பும் அதை விரித்துத் திறக்கும் வலிமை அதன் தலைத் தசைகளுக்கு உண்டு. இவ்வாறு மண்ணுக்குள்ளேயே பூச்சியைக் கவ்வி வெளியே எடுக்கும். பயிரின் வேரைத் தின்னும் புழுக்களும் பிள்ளைப்பூச்சிகளும் அதன் விருப்பமான உணவு. தோட்டக்காரனிடம் கூலி வாங்காத தொழிலாளி அது. ஹுத்ஹுத் நிலத்தடி நீரைக் கண்டறிந்து சுலைமான் நபிக்கு (அலை) அறிவித்தது என்ற செய்தி தப்ஸீர் நூல்களில் உண்டு. அதைப் பற்றிய ஆய்வை உலமாக்களிடம் விடுகின்றேன். நாம் கண்ணால் காண்பது, மேலிருந்து பார்க்கும் எமக்கு வெறும் மண்ணாகத் தெரியும் இடத்தில் அந்தப் பறவை தன் உணவைக் கண்டுகொள்கின்றது என்பதே.

அதன் கூடு இதனினும் பெரிய வியப்பு. மரப்பொந்து, பட்ட பனையின் துளை, பழஞ்சுவரின் ஓட்டை ஆகியவற்றில் அது முட்டையிடும். மனிதர் கைவிட்டுப்போன வீட்டின் சுவரும் அதற்குப் போதும். அத்தகைய வீடுகளுக்கு நம் தீவகத்தில் பஞ்சமில்லை. பெண்பறவை மட்டுமே அடைகாக்கும். அந்நாட்களில் ஆண்பறவை உணவைக் கொண்டுவந்து ஊட்டும். அந்தக் கூட்டை அணுகுபவர் மூக்கைப் பொத்திக்கொள்வார். அழுகிய மாமிசத்தின் வாடை! அசுத்தமான பறவை என்று முகம் சுழித்தவர் பலர். ஆனால் உண்மை வேறு.

முன்னர் அந்தலூஸ் என்று முஸ்லிம்களால் அழைக்கப்பட்ட தென் ஸ்பெயினில், கிரனடா, அல்மேரியா நகரங்களின் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் இந்தப் பறவையை ஆராய்ந்துள்ளனர். பறவைகளின் வால் அடியில் ஒரு எண்ணெய்ச் சுரப்பி உண்டு. ஏனைய காலங்களில் கொண்டலாத்தியின் சுரப்பி நீர் வெண்மையாகவும் வாடையற்றும் இருக்கும். அடைகாக்கும் காலத்தில் மட்டும் பெண்பறவைக்கும் கூட்டிலுள்ள குஞ்சுகளுக்கும் அது கபில நிறமாகி நாற்றமெடுக்கின்றது. காரணம், அந்தச் சுரப்பியில் குடியேறும் ஒருவகை நுண்ணுயிர்கள். அவை நோய்க்கிருமிகளைக் கொல்லும் பொருட்களைச் சுரக்கின்றன. தாய்ப்பறவை அந்த நீரை அலகால் எடுத்து முட்டைகளின் மீது பூசுகின்றது. முட்டை ஓட்டின் மேற்பரப்பிலே நுண்ணிய குழிகள் உள்ளன. பூசிய நீர் அவற்றில் தங்கி, கிருமிகள் உட்புகாதவாறு காக்கின்றது. இடும்போது வெளிறிய நீலமாயிருந்த முட்டை சில நாட்களில் கபிலமாவது இதனாலேயே. நாம் நாற்றம் என்று வெறுத்தது உண்மையில் ஒரு மருந்து. சுப்ஹானல்லாஹ்!

பாம்பும் பூனையும் கூட்டுக்கு அருகே வந்தால், பொந்துக்குள் இருக்கும் குஞ்சுகள் பாம்பைப் போலச் சீறும். அதற்கும் பகைவன் அஞ்சாவிடின் பின்பக்கத்தைத் திருப்பி அவன் முகத்திலே எச்சத்தைப் பீச்சியடிக்கும். இதைக் கேட்டுச் சிறுவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இத்தகைய சிறு பறவைதான் சுலைமான் நபி (அலை) அவர்களின் சபைக்குத் தாமதமாக வந்தது. தக்க காரணம் கூறாவிடின் கடும் தண்டனை உண்டு என்று மன்னர் எச்சரித்திருந்த வேளை அது. வந்த பறவையோ, தாங்கள் அறியாத ஒன்றை நான் அறிந்து வந்துள்ளேன் என்ற கருத்தில் பேசத் தொடங்கி, ஸபா நாட்டையும் அதை ஆண்ட அரசியையும் சூரியனை வணங்கும் அம்மக்களையும் பற்றிச் செய்தி கூறியது. நபியும் பேரரசருமான ஒருவர், உள்ளங்கையில் அடங்கும் ஒரு பறவையின் சொல்லைச் செவிமடுத்தார். உடனே நம்பிவிடவும் இல்லை; உடனே தண்டிக்கவும் இல்லை. உண்மையா என்று பார்ப்போம் எனக் கூறிக் கடிதம் கொடுத்தனுப்பினார். பிள்ளை வீட்டுக்குப் பிந்தி வந்தவுடன் கை ஓங்கும் வாப்பாமார் இந்த இடத்தை ஒருமுறை நிதானமாக ஓதிப் பார்க்கலாம்.

முகமூடியணிந்த கீச்சான்

எறும்பு, தேனீ, ஹுத்ஹுத், ஸுரத் ஆகிய நான்கையும் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடைசெய்தார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாக வரும் ஹதீஸ் அபூதாவூதில் பதிவாகியுள்ளது. முதல் மூன்றையும் நாம் கேள்விப்பட்டிருப்போம். நான்காவதான ஸுரத் யாது?

அதுதான் கீச்சான். நம் வேலிகளில் அது தாராளமாக இருக்கின்றது. சாம்பல் நிறத் தலை, கண்ணின் குறுக்கே திருடன் கட்டிய முகமூடி போன்ற கறுப்புப் பட்டை, செம்பழுப்பான கீழ்முதுகு, நீண்ட வால். இந்த நெடுவாற் கீச்சான் இலங்கையில் எல்லா இடங்களிலும் வாழ்வதில்லை. மன்னாரிலிருந்து யாழ்ப்பாணம் வரையிலான கரையோர வரண்ட நிலமே அதன் வாழிடம். கண்டியில் இருப்பவர் இதைக் காண விரும்பினால் நம் ஊருக்குத்தான் வரவேண்டும்.

இன்னொரு கீச்சானும் உண்டு. உடல் சற்றுச் சிறியது, கபில நிறம். சைபீரியா, மொங்கோலியா, சீனா ஆகிய குளிர் நாடுகளில் குஞ்சுபொரித்துவிட்டு, புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் இங்கு வந்து சேரும். சித்திரை வரை தங்கும். ஆயிரக்கணக்கான மைல்களைக் கடந்து, சென்ற ஆண்டு இருந்த அதே தோட்டத்துக்கே திரும்பி வரும் பழக்கமுடையது. வந்ததும் வேலிக் கதியாலின் உச்சியில் அமர்ந்து, இது என் எல்லை என்று கரகரத்த குரலில் கத்தும். காணித் தகராறு நமக்கு மட்டும் உரியதல்ல போலும்!

கீச்சானின் தொழில் வேட்டை. பருந்தைப் போல் வளைந்த அலகு அதற்கு உண்டு. ஆனால் பருந்தின் கால்கள் இல்லை. குருவியின் மெலிந்த கால்களால் இரையை அழுத்திப் பிடித்துக் கிழிக்க முடியாது. இந்தக் குறைக்கு அது கையாளும் வழி என்ன தெரியுமா? பிடித்த வெட்டுக்கிளியை, ஓணானை, சிறு எலியைக் கொண்டுபோய் உடைமர முள்ளிலோ முட்கம்பியிலோ குத்திவைக்கும். முள் பிடித்துக்கொள்ள, அலகு கிழிக்கும். தின்று மிஞ்சியது அங்கேயே தொங்கும். பிறகு வந்து உண்ணும். இறைச்சிக்கடையில் கொளுவியில் இறைச்சி தொங்குவதை இது நினைவூட்டும். ஆங்கிலேயர் இதற்குக் கசாப்புக்காரப் பறவை என்று பெயரிட்டதும் அதனால்தான். அமெரிக்காவில் வாழும் ஒரு கீச்சான் இனம், நச்சுத்தன்மையுள்ள பெரிய வெட்டுக்கிளியைப் பிடித்தால் உடனே உண்பதில்லை. முள்ளிலே குத்தி ஓரிரு நாள் விட்டுவிடும். நஞ்சு முறிந்த பின் வந்து உண்ணும். இதை யார் அதற்குக் கற்பித்தது?

அன்றைய அறபியர் ஸுரதைக் காண்பதை அபசகுனமாகக் கருதினர். அந்த மூடநம்பிக்கையை உள்ளங்களிலிருந்து அகற்றவே அதைக் கொல்வது தடுக்கப்பட்டது என்று ஹதீஸ் விளக்கவுரையாளர் சிலர் எழுதியுள்ளனர். கொல்லக் கூடாதென்று விலக்கப்பட்டதன் மாமிசத்தை உண்பதும் கூடாது என்பது நம்மிற் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் நிலைப்பாடாகும். எனவே, கெற்றப்போலால் கொண்டலாத்தியையோ கீச்சானையோ வீழ்த்தும் பிள்ளைக்கு அதனால் உண்ண ஒரு கவளமும் இல்லை.

சகுனம் என்றதும் ஆந்தை நினைவுக்கு வருகின்றது. ஆந்தை அலறினால் வீட்டில் மௌத்து விழும் என்று நம் பெண்களிற் சிலர் இன்றும் நடுங்குகின்றனர். சிறிய ஆந்தை ஒன்றுக்குச் சாக்குருவி என்றே பெயர் வைத்துவிட்டோம். பறவைகளைக் கொண்டு சகுனம் பார்ப்பதும், ஆந்தையைப் பற்றிய அறியாமைக்கால நம்பிக்கையும் உண்மையல்ல என்று நபி (ஸல்) அவர்கள் மறுத்துரைத்த ஹதீஸ் புகாரியில் உள்ளது. இதய வடிவ முகமுடைய வெண்கூகையோ நெல்லைத் தின்னும் எலிகளை இரவிரவாகப் பிடித்து ஒழிக்கின்றது. அதன் செவிகள் இரண்டும் ஒரே மட்டத்தில் அமையாமல், ஒன்று சற்று மேலும் ஒன்று சற்றுக் கீழுமாக இருக்கின்றன. அதனால் கும்மிருட்டிலும் ஒலியைக் கொண்டே எலி இருக்குமிடத்தைத் துல்லியமாக அறியும். அதன் சிறகின் ஓரங்கள் சீப்புப்போல் மென்மையாக அமைந்திருப்பதால் பறக்கும்போது ஓசை எழுவதில்லை. அது வீட்டுக் கூரையில் வந்தமர்ந்தால், சாவு அஞ்சவேண்டியது எலிதான்.

கரையிலும் கடலிலும்

நிலத்தை விட்டுக் கரைக்கு வருவோம். வளைகுடா நாடுகளில் உழைக்கும் உறவினர் இல்லாத முஸ்லிம் குடும்பம் இன்று நம்மிடையே அரிது. அங்கிருந்து நம் கடற்கரைகளுக்கு ஒரு பறவையும் வந்துபோகின்றது. வெள்ளை உடலும் கறுப்பு முதுகும் தடித்த கறுத்த அலகும் கொண்ட நண்டுதின்னிப் பறவை அது. பாரசீக வளைகுடா, செங்கடல் ஆகியவற்றின் மணற்தீவுகளில் கூட்டங்கூட்டமாகக் குஞ்சுபொரிக்கும். உள்ளான் போன்ற கரைப்பறவைகள் எல்லாம் வெறுந்தரையில் முட்டையிட, இது ஒன்றுதான் மணலிலே நீண்ட வளை தோண்டி, உள்ளே ஒரே ஒரு வெள்ளை முட்டையை இடுகின்றது. கொதிக்கும் பாலைவெயில் மேலே எரிக்க, வளைக்குள் முட்டைக்கு வேண்டிய இதமான சூடு கிடைக்கின்றது. அதனால் தாய் நெடுநேரம் வெளியே சென்று இரைதேட முடிகின்றது. மன்னாருக்கு அப்பால் ஆதம் பாலத்தின் மணற்றிட்டுகளிலும் இப்பறவை குஞ்சுபொரிப்பது கண்டறியப்பட்டுள்ளது. பண்ணைப் பாலத்தில் பஸ் செல்கையில் பூநாரைக் கூட்டத்தைப் பார்த்து எல்லோரும் எழுந்து நிற்பர். இந்த நண்டுதின்னியை எவரும் கவனிப்பதில்லை.

இனி, நான் சற்றுக் கூடுதலாகப் பேசவேண்டிய ஒன்று. கடற்பசு. நம் கடற்றொழிலாளர் இதை ஆவுளியா என்பர். மீனல்ல, பாலூட்டி. யானையின் தூரத்து உறவு. 3 மீற்றர் வரை நீளமும் 400 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடையும் அடையும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்செடுத்தாக வேண்டும். பாக்குநீரிணையிலும் மன்னார்க் குடாவிலும் ஆழங்குறைந்த கடலில் வளரும் சாதாழை எனப்படும் கடற்புல்லை நாளொன்றுக்குப் பல பத்துக் கிலோகிராம் மேயும். தாயின் முன்துடுப்புகளின் அடியில் மடி உண்டு. குட்டி தாயை அணைந்தவாறே பால் குடிக்கும். எழுபது ஆண்டுகள் வரையும் வாழக்கூடியது. ஆனால் ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையே மூன்று முதல் ஏழு ஆண்டுகள் இடைவெளி. கர்ப்பகாலமே ஓராண்டுக்கு மேல். ஒரு தாயைக் கொன்றால் அந்த இடத்தை நிரப்ப ஒரு தலைமுறை தேவை.

கடற்பசுவின் இறைச்சிக்காக இதனைக் கொன்றவர்கள் இக்கரையிலும் அக்கரையிலும் இருந்தனர். சட்டம் தடைசெய்த பின்பும் வலையில் அகப்பட்டதை மறைவாக வெட்டிப் பங்கிடுவோர் உண்டு. கடலில் வேட்டையாடப்படுவது ஹலால்தானே, அல்மாயிதா அத்தியாயம் அனுமதிக்கின்றதே என்று ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஃபத்வா வழங்குவது என் பணியன்று; இறைச்சியின் சட்டத்தை உலமாக்களிடம் கேட்டறியுங்கள். ஆனால் உண்ணுதற்கு ஆகுமான ஒன்றை எந்நிலையிலும் கொல்லலாம் என்று எந்த மத்ஹபும் கூறவில்லை. அயலவன் ஆடு ஹலால்தான், திருடி அறுத்தால்? கடற்பசு நாட்டின் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. எஞ்சியிருப்பதோ மிகச் சொற்பம். அபூ உபைதா (ரலி) அவர்களின் தலைமையில் சென்ற முந்நூறு தோழர்கள் கரையொதுங்கிய பெருமீனை உண்ட வரலாறு புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ஆனால் அவர்கள் இலை தழைகளைத் தின்னுமளவு பசித்திருந்தவர்கள். நம் வீட்டில் அரிசியும் பருப்பும் இருக்கின்றன.

வடபசுபிக் கடலிலே கடற்பசுவின் பெரிய உறவினம் ஒன்று இருந்தது. 1741இல் ஸ்டெல்லர் என்ற ஆய்வாளர் அதைக் கண்டு எழுதிவைத்தார். மாலுமிகள் இறைச்சிக்காக வேட்டையாடினர். 1768இல் கடைசி விலங்கும் முடிந்தது. இருபத்தேழு ஆண்டுகளில் ஓர் இனமே துடைத்தழிக்கப்பட்டது. நம் கடலில் நிலைமை வேறாக இருக்கலாம். தமிழ்நாடு அரசு 2022 செப்டெம்பரில் பாக்குநீரிணையில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கடற்பசுக் காப்பிடமாக அறிவித்தது. அவுஸ்திரேலியாவுக்கு அடுத்ததாக உலகில் கடற்பசுக்கள் அதிகமாக வாழ்வது பாரசீக வளைகுடாவில் ஆகும். அபூதாபியின் கரையோரத்தில் மட்டும் சில ஆயிரம் உள்ளன. எண்ணெய்க் கப்பல்கள் ஓடும் அந்தக் கடலிலேயே அவை வாழுமாயின், நம் கடலில் ஏன் வாழக் கூடாது? சாதாழையை வேரோடு வாரியெடுக்கும் இழுவை வலையும், வெடிவைத்து மீன்பிடிப்பதும் அவற்றின் மேய்ச்சல் நிலத்தை அழிக்கின்றன. அங்கேதான் நம் இறாலும் ஒட்டியும் ஓராவும் குஞ்சுகளாக வளர்கின்றன என்பதைக் கடற்றொழில் செய்யும் சகோதரர்கள் என்னிலும் நன்கறிவர்.

கெற்றப்போலும் பெற்றோரும்

கரம்பொன் சிறுவனிடம் திரும்புகின்றேன். இலங்கையின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. பின்வந்த திருத்தங்களின்படி, காகம் போன்ற ஒரு சிலவற்றைத் தவிர ஏனைய பறவைகள் எல்லாம் பாதுகாக்கப்பட்டவை. ஆயினும் சட்டப்புத்தகம் எழுதப்படுவதற்குப் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே, விரல்களால் கல் சுண்டி எறிவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருந்தார்கள். அது வேட்டையைக் கொல்வதுமில்லை, எதிரியைக் காயப்படுத்துவதுமில்லை. கண்ணைக் குருடாக்கும், பல்லை உடைக்கும் என்பது அவர்கள் கூறிய காரணம். இளைஞர் சிலர் ஒரு பறவையைக் கட்டிவைத்து அம்பெய்து பழகியபோது இப்னு உமர் (ரலி) அவர்கள், உயிருள்ளதை இலக்காக்குபவரை நபியவர்கள் சபித்ததை எடுத்துக்கூறிக் கண்டித்தார்கள்.

அதே நபியவர்கள், அபூ உமைர் என்ற சிறுவன் தன் சிறு குருவி இறந்ததால் வாடியிருந்தபோது, அவனருகே சென்று குருவிக்கு என்னவாயிற்று என்று அன்போடு கேட்டு ஆறுதல் கூறியவர்கள். மார்க்கப் பணி, ஆட்சிப் பணி, போர் என்று அத்தனை சுமைகளுக்கிடையிலும் ஒரு பிள்ளையின் குருவிக்கு அவர்களிடம் நேரம் இருந்தது. நமக்கு இல்லையா? வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் நடந்து, இது கீச்சான், இது கொண்டலாத்தி என்று காட்டுவதற்குச் செலவு எதுவுமில்லை. தெரியாவிட்டால் அயலிலுள்ள வயதான தமிழ்ச் சகோதரரிடம் கேளுங்கள், மகிழ்வோடு சொல்லித்தருவார். 9ஆம் நூற்றாண்டில் பஸ்ராவின் அல்ஜாஹிழ் அவர்கள் விலங்குகளைப் பற்றிப் பல பாகங்களில் பெருநூல் எழுதினார்கள். 14ஆம் நூற்றாண்டில் எகிப்தின் தமீரி அவர்கள் உயிரினங்களை அகரவரிசையில் தொகுத்து, ஒவ்வொன்றின் இயல்பையும் மார்க்கச் சட்டத்தையும் சேர்த்தே எழுதினார்கள். மௌலவிமார் குருவி பார்ப்பதா என்று சிரிப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

அன்று அந்தச் சிறுவன் பறவையைப் பனையடியில் மண் தோண்டிப் புதைத்தான். கெற்றப்போலை என்ன செய்தான் என்று நான் கேட்கவில்லை. எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "ஹஸரத், இதற்குக் குஞ்சு இருக்குமா?" என்றான்.

நபித்தோழர் சிலர் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய் சிறகடித்துத் தவித்ததைக் கண்ட நபியவர்கள், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கும்படி கட்டளையிட்ட ஹதீஸ் என் நினைவுக்கு வந்தது. நாங்கள் திருப்பிக் கொடுக்க எதுவும் இருக்கவில்லை. மாசி மாதம் அவை குஞ்சுபொரிக்கும் காலம். தேடிப்பார்ப்போம் என்றேன்.

அன்று கிடைக்கவில்லை. மறுநாட்காலை சுபஹுக்குப் பின் அவனே வந்து அழைத்தான். கூரையிழந்த ஒரு பழைய வீட்டின் பின்சுவரில், நெஞ்சளவு உயரத்தில் ஒரு பொந்து. நெருங்கியதும் அந்த வாடை வந்தது. காது கொடுத்துக் கேட்டோம். உள்ளே மெல்லிய சீறல். பாம்பென்று பின்வாங்கப்போனவன் நின்று, என் முகத்தைப் பார்த்து, குஞ்சுகளா என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டான். விலகிப்போய் ஒரு பூவரசின் நிழலில் அமர்ந்தோம். கால்மணி நேரம் கழிந்திருக்கும். இணைப்பறவை வந்தது. ஆணா பெண்ணா என்று தோற்றத்தைக் கொண்டு பிரித்தறிவது எளிதன்று. அலகில் ஒரு பிள்ளைப்பூச்சி துடித்துக்கொண்டிருந்தது. சுவரிலே தொற்றி, கொண்டையை ஒருமுறை விரித்து மடக்கிவிட்டு, பொந்துக்குள் தலையை நுழைத்தது. வெறும் அலகோடு வெளியே வந்து, மீண்டும் தோட்டத்துப் பக்கமாகப் பறந்தது.

வாப்பா கூப்பிடும்வரை அவன் அங்கேயே இருந்து, அது எத்தனை முறை வந்துபோகின்றது என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.